வைரஸ் ஏன் தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறது?

கேள்வி இது: "ஹெர்பிஸ் வைரஸ்கள் மைக்ரோ ஆர்என்ஏ தயாரித்துத் தங்கள் மரபணுக்களையே அடக்குகின்றன என்று படித்தேன். பெருகுவதுதானே வைரஸின் வேலை? தன்னை ஏன் தானே அடக்க வேண்டும்?"

மைக்ரோ ஆர்என்ஏ என்பது, மரபணுவிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும் குட்டி ஆர்என்ஏ துண்டு. இந்தக் கேள்வியையே வேறு சொற்களில் என் அம்மா கேட்டார். சென்ற தீபாவளிக்கு முந்தைய வாரம், சிங்கப்பூர் யீஷூனில் எங்கள் வீட்டில். அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். விட்ட மறுநாள் கீழுதட்டின் இடது ஓரத்தில் கடுகு கடுகாய் நான்கைந்து கொப்புளங்கள். "உடம்புச் சூடும்மா, இளநீர் குடிங்க" என்று எதிர்வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனார். அம்மா கண்ணாடியைப் பார்த்தபடியே, "எப்பவும் இதே இடத்துலதான்டா வருது. நடுவுல எங்கதான் போகுது?" என்றார்.

செல் வளர்க்கும் ஆய்வுக்கூட வேலை எனக்கு. பதில் தெரியும்: எங்கேயும் போவதில்லை. முதன்முதலில் தொற்றியபோதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் நரம்பு வழியே மேலேறி, மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருக்கும் முக்கிளை நரம்பு (டிரைஜெமினல்) முடிச்சுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. நரம்பு செல் பல பத்தாண்டுகள் வாழும், பிரிந்து பெருகாது. வைரஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. அங்கே போய்ப் பெருக ஆரம்பித்தால் செல் செத்துவிடும். குடியிருக்கும் வீட்டைத் தானே கொளுத்தியதாகிவிடும். அதனால் அடங்கி இருப்பதும் அதற்குப் பிழைக்கும் வழிதான். ஏறத்தாழ 80 மரபணுக்களில் பெரும்பாலானவை அணைந்து கிடக்க, 'லாட்' என்ற ஒரு நீண்ட ஆர்என்ஏ மட்டும் ஏராளமாக உருவாகிக்கொண்டே இருக்கும்.

இந்த லாட் 1987இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து புரதம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. பிறகு எதற்காக இவ்வளவு ஆர்என்ஏ என்று 20 ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008இல் பிரையன் கல்லனின் ஆய்வுக்குழு ஒரு விடையைக் காட்டியது: லாட் துண்டாக்கப்பட்டுப் பல மைக்ரோ ஆர்என்ஏக்கள் கிடைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், நிதானமாகச் சொல்கிறேன். டிஎன்ஏவுக்கு இரண்டு இழை. ஓர் இழையை ஒரு திசையில் படித்தால் 'ஐசிபி0' என்ற புரதத்துக்கான தூது ஆர்என்ஏ (புரதம் செய்யும் செய்தியைச் சுமக்கும் நகல்) கிடைக்கும். உறங்கும் வைரஸைத் தட்டி எழுப்புவதில் முக்கியப் பங்கு இந்தப் புரதத்துக்கு. அதே இடத்தின் மறு இழையை எதிர்த்திசையில் படித்தால் வருவது லாட். ஆக, லாட்டிலிருந்து வெட்டிய சுமார் 22 எழுத்து நீளத் துண்டு ஒன்று, ஐசிபி0வின் தூது ஆர்என்ஏவோடு ஜிப்பின் பற்கள் போல எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. பொருந்திய இடத்தில் புரதத் தயாரிப்பு தடைபடும். மிர்-எச்2 என்பது அந்தத் துண்டின் பெயர். லாட்டிலிருந்து அல்லாமல் வைரஸின் வேறோர் ஆர்என்ஏவிலிருந்து வரும் மிர்-எச்6, 'ஐசிபி4' என்ற மற்றொரு தொடக்கப் புரதத்தைக் குறைக்கிறது. தீயை மூட்டும் மரபணுவின் முதுகிலேயே அதை அணைக்கும் செய்தியும் எழுதப்பட்டிருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

அடக்குவதற்கு ஒரு புரதத்தையே வைத்துக்கொள்ளலாமே? வைத்தால் மாட்டிக்கொள்ளும். செல்லுக்குள் உருவாகும் எந்தப் புரதத்தின் துணுக்கும் செல்லின் மேற்பரப்பில் காட்டப்படும், ரோந்து வரும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அந்நியனைக் கண்டுகொள்ளும். 22 எழுத்து ஆர்என்ஏ அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. அதை வெட்டித் தயாரிக்கும் டிரோஷா, டைசர் என்ற நொதிகளும் நம்முடையவை. வைரஸ் வெறும் வரிசையை மட்டும் தருகிறது.

ஹெர்பிஸ் குடும்பத்தில் மற்றவையும் இப்படித்தான். வைரஸ்களுக்கும் மைக்ரோ ஆர்என்ஏ உண்டு என்பதே 2004இல் எப்ஸ்டைன்-பார் வைரஸில்தான் முதலில் தெரிந்தது. அதன் மிர்-பார்ட்2, தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிக்கான தூது ஆர்என்ஏவையே வெட்டிவிடுகிறது. சைட்டோமெகலோ வைரஸின் மிர்-யுஎல்112-1 ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறது: தன் தொடக்க மரபணுவான ஐஇ1ஐ அடக்குகிறது, 'என்னைக் கொல்' என்று இயற்கைக் கொல்லி செல்களுக்குக் கொடி காட்டும் நம் எம்ஐசிபி புரதத்தையும் குறைக்கிறது.

ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். மைக்ரோ ஆர்என்ஏதான் வைரஸைத் தூங்க வைக்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. வைரஸ் டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களின் மேல் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருப்பது பெரிய பூட்டு. நரம்பு செல்லின் சொந்த மைக்ரோ ஆர்என்ஏவான மிர்-138கூட ஐசிபி0வை அடக்குவதாக 2014இல் காட்டினார்கள். வைரஸின் துண்டுகள் பல பூட்டுகளில் ஒன்று. பூட்டு இருந்தும் கசியும் சிறுதுளியைத் துடைக்கும் துணி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அம்மாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "உள்ளேயே தூங்குதும்மா. காய்ச்சல், வெயில், மனக்கவலை வந்தா முழிச்சுக்கும், அதே நரம்பு வழியா அதே இடத்துக்கு இறங்கும்" என்றேன். "அப்ப மருந்து போட்டா செத்துடாதா?" என்றார். இதற்கான மருந்தான அசைக்ளோவிர், வைரஸ் தன் டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதுதான் வேலை செய்யும். தூங்குவதை அதனால் தொட முடியாது. அதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சுத்தமாத்தானடா இருக்கேன்" என்றார் பிறகு. இத்தனை வருடம் அதைத் தன் குறையாக நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரும்பாலோருக்கு இது சின்ன வயதில், பாசமாய்க் கொடுத்த ஒரு முத்தத்தில் தொற்றுவது என்றேன்.

அந்த வாரம் தங்கையின் கைக்குழந்தையை அம்மா தூக்கினார், கொஞ்சினார், முத்தம் மட்டும் கொடுக்கவில்லை. பச்சிளங்குழந்தைக்கு இந்த வைரஸ் ஆபத்தாகலாம் என்பதால் நான் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான். பொருக்கு முழுதாக உதிர்ந்ததா என்று தினமும் காலையில் என்னிடம் உதட்டைக் காட்டிக் கேட்பார்.