வாசகர் கேள்வி பதில்: அந்தப் போலீஸ் அதிகாரி யார் பக்கம்?

கொரியப் படங்களைப் பற்றித் தில்லி வாசகர்கள் அனுப்பியிருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை 2016இல் வெளிவந்த 'தி ஏஜ் ஆஃப் ஷேடோஸ்' என்ற உளவுப் படத்தையே சுற்றி வருகின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தப் படத்துக்கும், அது பேசும் காலத்துக்குமே, அதாவது கொரியா ஜப்பானின் காலனியாக இருந்த காலத்துக்குமே, ஒதுக்கியிருக்கிறேன்.

பேத்தி வற்புறுத்தியதால் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஜப்பானியரிடம் வேலை பார்க்கும் கொரியப் போலீஸ் அதிகாரி ஒருவர், விடுதலை வீரர்களைப் பிடிக்கப் போன இடத்தில் அவர்களுக்கே வெடிகுண்டு கடத்த உதவுகிறார். இது நடந்த கதையா, கற்பனையா?
– ஓய்வுபெற்ற மத்திய அரசு அலுவலர், ராமகிருஷ்ணபுரம்

நடந்ததை வைத்துக் கட்டிய கதை, ஐயா. சோங் காங்-ஹோ நடித்திருக்கும் அந்த அதிகாரிக்கு முன்மாதிரியாக இருந்தவர் ஹ்வாங் ஓக் என்பவர். சியோலைச் சூழ்ந்த கியோங்கி மாகாணத்தின் காவல் துறையில் ஜப்பானியருக்குக் கீழே பணியாற்றிய கொரியர் அவர். 'உயியோல்டான்' என்ற தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த கிம் சி-ஹியோனுடன் சேர்ந்து, ஷாங்காயில் தயாரான வெடிகுண்டுகளை, சீன எல்லையில் இருந்த ஆன்டோங் நகரத்தின் வழியாக 1923இல் கொரியாவுக்குள் கொண்டுவந்தார். குண்டுகளைப் பயன்படுத்துவதற்குள், மார்ச் மாதத்தில், துப்புக் கிடைத்த போலீஸார் வளைத்துவிட்டார்கள். இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

விவகாரமே நீதிமன்றத்தில்தான் தொடங்குகிறது. மேலதிகாரிகளின் இரகசிய உத்தரவின்படி, இயக்கத்துக்குள் புகுந்து அனைவரையும் கூண்டோடு பிடிப்பதற்காகவே தாம் குண்டுகளோடு வந்ததாக ஹ்வாங் ஓக் அங்கே வாதாடினார். அது உண்மையாக இருக்கலாம். அப்படியானால், தன் ஆளையே சிறைக்கு அனுப்பிவிட்டுக் காவல் துறை கையைக் கழுவிக்கொண்டது என்று பொருள். தோழர்களுக்காக உயிரைப் பணயம் வைத்த ஒருவர், அகப்பட்ட பிறகு தப்பிக்கச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் எவரும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டில் எதை எடுத்துக்கொண்டாலும் சம்பவங்கள் சரியாகப் பொருந்துகின்றன என்பதால்தான் கொரிய வரலாற்றாய்வாளர்கள் இன்றுவரை அவரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். படமோ முடிவுக்கு வரும்போது அவரை ஒரு பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. என்னைக் கேட்டால் அதுதான் படத்தின் பலவீனம். முதல் ஒன்றரை மணி நேரம் அந்த முகத்தில் பயமா, பேராசையா, குற்ற உணர்வா என்று தெரியாமல் நாம் தவிக்கிறோமே, அந்தத் தவிப்பை அப்படியே விட்டிருக்கலாம்.

இப்படிப்பட்டவர்கள் இல்லாமல் அந்நிய ஆட்சி எங்கும் நடந்ததில்லை. 1919 செப்டம்பர் 2 அன்று, புதிய கவர்னர் ஜெனரலாகச் சியோலில் வந்திறங்கிய சைதோ மகோதோவின் மீது நாம்டேமுன் ரயில் நிலையத்தில் குண்டு வீசினார் காங் உ-கியூ. அறுபது வயதைத் தாண்டிய நாட்டு வைத்தியர் அவர். சைதோ தப்பிவிட்டார். கூட்டத்தில் நழுவிய கிழவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் ஜப்பானியர் அல்லர். கிம் தே-சோக் என்ற கொரியப் போலீஸ்காரர்.

தில்லிக்காரர்களுக்கு இது புரியாத செய்தியன்று. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபிரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில்தான் 1928 செப்டம்பரில் பகத் சிங்கும் தோழர்களும் கூடி, தங்கள் இயக்கத்துக்கு ஹிந்துஸ்தான் சோஷலிஸ்ட் ரிபப்ளிகன் அசோசியேஷன் என்று பெயர் சூட்டினார்கள். பீகார் சார்பில் அதில் கலந்துகொண்ட பணீந்திரநாத் கோஷ், லாகூர் சதி வழக்கில் அப்ரூவராக மாறித் தோழர்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். பின்னர் புரட்சியாளர் ஒருவரின் கையாலேயே மாண்டார்.

எல்லோர் பெயரும் கிம் என்றே தொடங்குகிறதே! யார் யாருக்கு உறவு?
– இல்லத்தரசி, மயூர் விகார்

யாரும் யாருக்கும் உறவில்லை, அம்மா. கிம் என்பது குடும்பப் பெயர். அங்கே அது முன்னால் வரும், கொரியர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு அதுவே குடும்பப் பெயர். பின்னால் வரும் இரண்டு அசைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயியோல்டான் இயக்கத்தின் தலைவர் வோன்-போங். குண்டு கடத்தியவர் சி-ஹியோன். படத்தின் தொடக்கத்தில் வீட்டுக் கூரைகளின் மேல் ஓடிச் சாகும் பாத்திரத்துக்கு மூலமானவர் சாங்-ஓக். 1923 ஜனவரியில் சியோலின் ஜோங்னோ காவல் நிலையத்தில் குண்டு வெடித்த நிகழ்வில் தேடப்பட்ட சாங்-ஓக், பத்து நாள் கழித்து நூற்றுக்கணக்கான போலீஸார் சூழ்ந்துகொண்டபோது தனியாக நின்று சுட்டு, கடைசித் தோட்டாவைத் தமக்கே வைத்துக்கொண்டார். அந்தக் காட்சி மிகைப்படுத்தல் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்கவும்.

கொரிய வீரர்களின் கதைகள் எல்லாம் ஏன் ஷாங்காயிலேயே நடக்கின்றன? சொந்த நாட்டை விட்டு அவ்வளவு தூரம் போக என்ன தேவை?
– கல்லூரி மாணவி, முனிர்க்கா

பாரதியார் ஏன் 1908இல் புதுச்சேரிக்குப் போனாரோ, அதே தேவைதான். சென்னையில் வாரண்ட் காத்திருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இல் அங்கே வந்து சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் போலீஸின் ஒற்றர்கள் அவர்களுடைய வீட்டு வாசலில் மாறுவேடத்தில் காத்துக் கிடக்கலாமே தவிர, உள்ளே நுழைந்து கைது செய்ய முடியாது. ஷாங்காய் நகரத்திலும் பிரெஞ்சுக்காரரின் ஆட்சிக்குட்பட்ட ஒரு பகுதி இருந்தது. 1919 மார்ச் 1 அன்று தொடங்கிய மாபெரும் சுதந்திரப் போராட்டத்தை ஜப்பானியர் துப்பாக்கியால் அடக்கிய பிறகு, நாட்டைவிட்டு வெளியேறிய தலைவர்கள் ஏப்ரல் 11 அன்று கொரியாவின் தற்காலிக அரசாங்கத்தை ஷாங்காயில்தான் நிறுவினார்கள். அதன் அலுவலகம் பல ஆண்டுகள் அந்தப் பிரெஞ்சுப் பகுதியில்தான் இயங்கியது.

ஆனால் பிரெஞ்சுக்காரரின் தயவுக்கும் ஓர் எல்லை உண்டு. 1932 ஏப்ரல் 29 அன்று ஷாங்காயின் ஹோங்கியூ பூங்காவில் ஜப்பானியச் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் விழா நடந்தது. அன்று காலை தற்காலிக அரசாங்கத்தின் தலைவர்களில் ஒருவரான கிம் கூவும், இருபத்து நான்கு வயதுகூட முழுதாக நிரம்பாத யுன் போங்-கில் என்ற இளைஞரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். இளைஞர் தம் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து நீட்டினார். ஆறு வோன் கொடுத்து வாங்கிய புதுக் கடிகாரம் அது. உங்களுடையது இரண்டு வோன்தான் பெறும், மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு இது இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் தேவைப்படும் என்றாராம். கிம் கூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் செய்தி இது. தண்ணீர்க் குடுவை வடிவத்தில் ஒன்று, சாப்பாட்டுப் பெட்டி வடிவத்தில் ஒன்று என்று இரண்டு குண்டுகள் அவர் கையில் இருந்தன. குடுவையை மேடையின் மேல் வீசினார். ஜெனரல் ஷிரகவா அடுத்த மாதம் இறந்தார். தூதர் ஷிகெமித்ஸு ஒரு காலை இழந்தார். 1945 செப்டம்பர் 2 அன்று 'மிசௌரி' போர்க்கப்பலின் தளத்தில் செயற்கைக் காலோடு கம்பூன்றி நடந்துவந்து, ஜப்பானின் சார்பில் சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்டவர் அதே ஷிகெமித்ஸுதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு பிரெஞ்சுப் பகுதிக்குள்ளேயே ஜப்பானியரின் சோதனைகள் நடந்தன. ஆன் சாங்-ஹோ போன்ற மூத்த தலைவர் ஒருவரே அங்கே கைதானார். தற்காலிக அரசாங்கம் ஹாங்ஜௌ நகரத்துக்கு மூட்டை கட்டியது. புதுச்சேரிக்கு இத்தகைய சோதனை வராமல் போனது நம் நல்லூழ் என்றே சொல்ல வேண்டும்.

ரயிலில் வெடிகுண்டு வரும் காட்சி நம்பும்படியாக இருக்கிறதா?
– ரயில்வே ஊழியர், பஹாட்கஞ்ச்

பெட்டிக்குள் நடக்கும் கண்ணாமூச்சி ஆட்டம் இயக்குநரின் கற்பனை, தடம் உண்மை. யாலு ஆற்றின் மேல் 1911இல் ரயில் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையே நேரடிப் போக்குவரத்து நடந்தது. அந்தப் பாலத்தின் சீனக் கரையில் இருந்தது ஆன்டோங். அங்கே கப்பல் வணிகம் நடத்திய ஜார்ஜ் ஷா என்ற அயர்லாந்து வம்சாவளிக்காரர், தம் நிறுவனத்தின் கட்டடத்தையே கொரியர்களுக்கு ஒளிவிடமாகக் கொடுத்து, ஆட்களையும் கடிதங்களையும் ஷாங்காய்க்குக் கடத்தினார். 1920இல் ஜப்பானியர் அவரைக் கைது செய்தார்கள். பிரிட்டிஷ் அரசின் ஆட்சேபத்தால் பிறகு விட்டுவிட்டார்கள். ஆங்கிலேயரின் ஆதிக்கத்தை வெறுத்த ஓர் அயர்லாந்துக்காரரைக் காப்பாற்ற அதே ஆங்கிலேயர் வர வேண்டியிருந்தது.

காட்சியைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கி வெடிக்கும் வரை, ஆட்கள் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடப்பதும், இருக்கைகளில் இருப்போரின் முகங்களை அடையாளச்சீட்டுகளோடு ஒப்பிடுவதும் மட்டுமே நடக்கின்றன. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவே.

பெண்கள் துப்பாக்கி தூக்குவதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்ததுதானே?
– வாசகர், லாஜ்பத் நகர்

அல்ல. நாம் ஜா-ஹியோன் என்ற பெண்மணியைப் பற்றிப் படியுங்கள். கணவர் ஜப்பானியரை எதிர்த்த கிளர்ச்சியில் 1896இல் மாண்டார். மஞ்சூரியாவை ஜப்பான் கைப்பற்றியதை விசாரிக்கச் சர்வதேச சங்கத்தின் லிட்டன் குழு 1932இல் ஹார்பினுக்கு வந்தபோது, இவர் தம் விரலைத் துண்டித்து, கொரியாவுக்கு விடுதலை வேண்டும் என்று இரத்தத்தால் துணியில் எழுதி, துண்டித்த விரலையும் சேர்த்து அந்தக் குழுவுக்கு அனுப்ப முயன்றார். மறு ஆண்டு ஜப்பானியத் தூதர் முதோ நொபுயோஷியைக் கொல்ல ஆயுதத்தோடு போகும்போது பிடிபட்டார். சிறையில் உண்ணாவிரதமிருந்து, ஆகஸ்ட் மாதத்தில் உயிர்நீத்தார். பிடிபட்ட அன்று அவருக்கு வயது அறுபது.

எங்கள் பெரியப்பா மலேயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்தவர். ஜப்பானியர் நம் விடுதலைக்குத் துணை நின்றவர்கள் என்றே வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். இந்தப் படங்களில் அவர்கள் சித்திரவதைக்காரர்களாகவே வருகிறார்கள். எதை நம்புவது?
– வங்கி அதிகாரி, கரோல் பாக்

இரண்டையும் நம்பலாம், இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை. 1912 டிசம்பர் 23 அன்று நம் சாந்தினி சௌக்கில் யானைமேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிஞ்சின் மீது குண்டு வீசப்பட்டதே, அந்தத் திட்டத்தின் மூளை ராஷ் பிஹாரி போஸ். 1915இல் அவர் ஜப்பானுக்குத் தப்பினார். தோக்கியோவில் நாகமுராயா என்ற ரொட்டிக்கடையை நடத்திய தம்பதியர் அவரை ஒளித்துவைத்தார்கள். அவர்களுடைய மகளையே மணந்துகொண்டு, 1923இல் ஜப்பானியக் குடியுரிமையும் பெற்றார். அதே 1923இல்தான் ஹ்வாங் ஓக் வழக்கு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் அழித்தபோது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற வதந்தி பரவி, அந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான கொரியர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். நம் புரட்சியாளருக்குப் புகலிடம் தந்த ஊரின் தெருக்கள்தாம் அவை.

பிரிட்டிஷாருக்கு எதிரி என்ற முறையில் இந்தியருக்கு உதவுவது ஜப்பானுக்கு ஆதாயமாக இருந்தது. கொரியா அதன் சொந்தக் காலனி. உங்கள் பெரியப்பாவின் தலைமுறை அறியாமையால் ஏமாந்தது என்று சொல்ல நான் தயாரில்லை. எதிரியின் எதிரியோடு கைகோத்தார்கள். கொரியர்களும் அதையேதான் செய்தார்கள், மறுபக்கத்திலிருந்து. தற்காலிக அரசாங்கம் 1940இல் சீனாவின் சுங்கிங் நகரத்தில் உருவாக்கிய கொரிய விடுதலைப் படையிலிருந்து ஒன்பது பேர் 1943இல் பிரிட்டிஷாரின் வேண்டுகோளின்படி இந்தியாவுக்கு வந்தார்கள். தில்லியில் பயிற்சி பெற்று, இம்பால் போர்முனைக்குப் போய், ஒலிபெருக்கியில் ஜப்பானிய மொழியில் எதிரி வீரர்களைச் சரணடையச் சொல்வதும், கைப்பற்றிய ஆவணங்களைப் படித்துச் சொல்வதுமாகப் பணியாற்றினார்கள். அதே போர்முனையில் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியரோடு தோள்சேர்த்து நின்றது. இரு தரப்பும் தத்தம் நாட்டின் விடுதலைக்காகவே வந்திருந்தன. இதை யாராவது படமாக எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.

கொரியா விடுதலை பெற்ற பிறகு இந்த வீரர்களும், ஜப்பானியரிடம் வேலை பார்த்த போலீஸாரும் என்ன ஆனார்கள்?
– ஆசிரியை, ஜனக்புரி

போலீஸாரின் பாடு பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. 1945க்குப் பிறகு தென்கொரியாவை நிர்வகித்த அமெரிக்க இராணுவம், அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும் என்று பழைய போலீஸாரையே வைத்துக்கொண்டது. ஜப்பானியருக்கு ஒத்துழைத்தவர்களை விசாரிக்க 1948இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி ஒரு சிறப்புக் குழுவையும் அமைத்தது. 1949 ஜூன் 6 அன்று அந்தக் குழுவின் அலுவலகத்துக்குள்ளேயே போலீஸார் புகுந்து தாக்கினார்கள். சில மாதங்களில் குழுவும் கலைந்தது.

வீரர்களில், 1919 நவம்பரில் இருபத்தொரு வயதில் உயியோல்டானைத் தொடங்கிய கிம் வோன்-போங், 1948இல் வடகொரியாவுக்குப் போய் அமைச்சரானார்; பத்தாண்டுகளுக்குப் பிறகு அங்கே களையெடுக்கப்பட்டு, பொதுவாழ்விலிருந்து மறைந்துபோனார். வடக்கே போனவர் என்பதால் தெற்கும் அவருக்கு நாட்டு விருது எதுவும் தரவில்லை. ஹ்வாங் ஓக்கோடு குண்டு கடத்திய கிம் சி-ஹியோன் தென்கொரிய நாடாளுமன்ற உறுப்பினரானார். 1952இல், கொரியப் போரின் நடுவே, சர்வாதிகாரியாக மாறிக்கொண்டிருந்த அதிபர் சிங்மான் ரீயைச் சுட்டுக் கொல்லும் திட்டத்தில் இறங்கினார். மேடையருகே துப்பாக்கி வெடிக்க மறுத்தது. மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1960இல் மாணவர் கிளர்ச்சி ரீயை நாட்டைவிட்டே துரத்திய பின்னர்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார்.