அடிக்கட்டையைப் பார்த்தே, மரத்தை வெட்டியவர் வேலை தெரிந்தவரா என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். மரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டாலும் அது எப்படி விழுந்தது என்பது அடிக்கட்டையின் மேல்முகத்தில் பதிந்து கிடக்கும். நான் முதலில் தேடுவது, அந்த முகத்தில் குறுக்காக ஓடும் பிய்ந்த நார்களைத்தான்.

செயின்சாவால் மரம் வெட்டுபவர், மரம் விழவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிடுவார். இது முன்வெட்டு. அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டு வருவார். இந்தப் பின்வெட்டு முன்வெட்டைத் தொடுவதற்குள் நிறுத்திவிட வேண்டும். நடுவே அறுபடாமல் நிற்கும் பகுதி கதவுக் கீல் போல மடங்கி, மரத்தைத் திசை மாறவிடாமல் பிடித்தபடியே கீழே இறக்குகிறது. முன்வெட்டின் வாய் மூடும்போது கீல் முறிகிறது. அந்த முறிவில் மிஞ்சியவைதான் நான் சொன்ன நார்கள்.

பொதுவான கணக்கு இது: கீலின் நீளம் மரத்தின் விட்டத்தில் சுமார் 80 சதவீதம், தடிமன் சுமார் 10 சதவீதம். 50 சென்டிமீட்டர் மரம் என்றால் 40 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் தடிமன். மிகப் பெரிய மரங்களில் தடிமனின் விகிதம் இன்னும் குறையும். இரண்டு ஓரத்திலும் ஒரே தடிமனாக, நேராக ஓடும் கீலைப் பார்த்தால் வெட்டியவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும். ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்திருந்தால் உடனே குறை சொல்லிவிடாதீர்கள். பக்கவாட்டில் சாய்ந்த மரத்தை இழுத்துப் பிடிக்க, சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் வேண்டுமென்றே தடிமனாக விடுவதுண்டு. சமதளத்தில் நேராக நின்ற மரங்களிலும் திரும்பத் திரும்ப அப்படி இருந்தால்தான் கை பழகவில்லை என்று பொருள்.

கீலே இல்லாமல் முழுக்க அறுபட்டிருப்பதுதான் மிக மோசம். கடைசி நொடியில் அந்த மரம் எந்தப் பக்கமும் போயிருக்கலாம், வெட்டியவர் நின்ற பக்கம் உட்பட. ஒரு விதிவிலக்கு உண்டு. மரத்தைப் பிடித்துக்கொண்டே அறுக்கும் பெரிய இயந்திரங்களுக்குப் பெரும்பாலும் கீலும் வேண்டாம், முன்வெட்டும் வேண்டாம். அவை விட்டுச்செல்லும் கட்டை ஒரே தட்டையாக இருக்கும்.

அடுத்து, முன்வெட்டின் உள்மூலையைக் குனிந்து பாருங்கள். அதன் இரண்டு வெட்டுகளும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டிக் கீலுக்குள் மெல்லிய கோடாகப் போயிருந்தால் அது பெரிய பிழை. மரம் சாயத் தொடங்கியதுமே அந்த மெல்லிய இடுக்கு மூடிக்கொள்ளும், மேலே இருக்கும் அகன்ற வாய் திறந்தே கிடக்கும். கீல் அப்போதே முறியலாம், இல்லாவிட்டால் தண்டு நெடுக்காகப் பிளக்கலாம்.

அப்படிப் பிளந்த கட்டையைப் பார்த்தாலே தெரியும், வெட்டுக்கு மேல் ஒரு பலகை செங்குத்தாக நிற்கும். பிளந்த தண்டின் பின்பகுதி, வெட்டியவர் நின்ற பக்கமாகத்தான் உதைத்துக்கொண்டு எழும்பும். ஆள் பிழைத்தாரா என்ற எண்ணம் வராமல் என்னால் அப்படி ஒரு கட்டையைக் கடந்துபோக முடிவதில்லை. விழும் பக்கமாகவே நன்றாகச் சாய்ந்த மரங்களில் இந்த ஆபத்து அதிகம். தெரிந்தவர்கள் அங்கே ரம்பத்தின் நுனியைக் கீலுக்குப் பின்னால் உள்ளே செலுத்திப் பின்னோக்கி அறுப்பார்கள், பின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்து அதைக் கடைசியில் துண்டிப்பார்கள். அப்படி வெட்டிய கட்டையில், பின் ஓரத்தில் பிசிறோ சிறு படியோ தனியாகத் தெரியும். அதைக் கண்டால், வெட்டியவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை எடுத்தார் என்று நம்பலாம்.

வழக்கமான 45 பாகை முன்வெட்டில், பின்வெட்டு மூலையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். அந்தப் படிதான் தண்டு பின்னோக்கி வழுக்கி வராமல் தடுக்கிறது. 70 பாகைக்கு மேல் அகலத் திறந்த முன்வெட்டுக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கலாம். பின்வெட்டு மேலிருந்து சாய்வாக இறங்கியிருந்தால் பயிற்சி இல்லாதவர் வேலை என்றே நினைக்கிறேன்.

கட்டையின் நடுவில் ஈட்டி போல நீண்ட நார்கள் நின்றால், அதே நீளத்துக்கு மரத்தின் அடிப்பகுதிக்குள் குழி விழுந்திருக்கும். விலைபோகும் மரம் வீண். தேவையில்லாமல் உயரமாக விட்ட கட்டையும் வீண்தான், தடித்த மரம் அடியில்தானே இருக்கிறது. பனி, பாறை, மரத்துக்குள் ஆணி போன்ற காரணங்கள் இருந்தால் வேறு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் ஆள் உயரத்துக்கும் மேலான பழைய கட்டைகள் உண்டு. அவற்றின் பக்கவாட்டில் இருக்கும் பொந்துகள், பலகை செருகி அதன்மேல் நின்று, புடைத்த அடிப்பகுதிக்கு மேலே கோடாலியாலும் இழுப்பு ரம்பத்தாலும் வெட்டியவர்கள் விட்டுச்சென்றவை.

எடுக்கவேண்டிய மரங்களை முன்கூட்டியே குறியிடும் காடுகளில், தரையை ஒட்டியும் ஒரு குறி வைப்பார்கள். மரம் போனபின்பும் அது கட்டையில் இருக்க வேண்டும். வெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் குறி இல்லாத கட்டை என்றால் கேள்வி கேளுங்கள்.

ஒரே கட்டையை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள், பத்துப் பதினைந்தையாவது பாருங்கள். சீக்கிரமாகவும் போங்கள். கட்டையில் பட்டையை ஒட்டிய வெளிப்பகுதிதான் முதலில் மக்கும், கீலின் இரண்டு ஓரங்களும் அதோடு போய்விடும்.