ஆங்கிலத்தில்தானே பாடம், ஜெர்மன் எதற்கு?

கேள்வி: என் மகள் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு, முதுநிலைப் படிப்புக்காக அக்டோபரில் ஜெர்மனி போகிறாள். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் மாலை, பல்கலைக்கழகம் நடத்தும் ஜெர்மன் மொழி, பண்பாட்டு வகுப்பில் சேரப் போவதாகச் சொல்கிறாள். "கடன் வாங்கி அனுப்புகிறோம். அந்த நேரத்தில் பகுதிநேர வேலை பார்த்தால் நாலு காசு மிஞ்சும்" என்கிறார் என் அண்ணன். நான் என்ன சொல்லட்டும்?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: தாராளமாகச் சேரட்டும் அம்மா. மதுரைக்குப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அயலூரில் பேச்சு வராமல் நிற்பவர்களின் முகம் எப்படி வாடும் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவி வந்திருந்தாள். வேற்றுமை உருபுகளைத் தவறில்லாமல் ஒப்பிப்பாள். ஆனால் முதல் மாதம் முழுவதும் வகுப்பு விட்டால் அறை, அறை விட்டால் வகுப்பு. ஒரு நாள் மாலை மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் அழைத்துப்போய், "இரண்டு முழம் மல்லிகை வாங்கி வா" என்று அனுப்பிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன். முழம் என்றால் எத்தனை சென்டிமீட்டர் என்று அவள் கேட்டாள். பூக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் சரத்தை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை பிடித்துக் காட்டினார். இவள் தன் நீளமான கையை அதன் பக்கத்தில் நீட்டினாள். "உன் கையால் அளந்தால் எனக்கு நட்டம், தாயி" என்றார் அந்த அம்மா. மறுநாள் வகுப்பில் அரை மணி நேரம் அந்தத் 'தாயி'யைப் பற்றியே பேசினோம். பெற்ற தாய்க்குரிய சொல்லால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை ஏன் அழைக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு பல்வலி வந்தபோது எந்த டாக்டரிடம் போகலாம் என்று அவள் கேட்டது என்னிடம் அல்ல, அந்தப் பூக்கார அம்மாவிடம்.

உங்கள் மகளுக்கும் அங்கே அப்படி ஒருவர் வேண்டும். அதற்கு ஆங்கிலம் போதாது. வாடகை ஒப்பந்தம், முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எல்லாம் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் வரும்.

பண்பாட்டு வகுப்பு என்றதும் ஆட்டம் பாட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கிவிட வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டக் கூடாது. இவையும் பண்பாடுதான். நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருந்தால், அங்கே உங்கள் மகளை உங்கள் கணவரின் பெயரைச் சொல்லித்தான் 'ஃப்ராவ்' என்று மரியாதையாக அழைப்பார்கள். தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் திரும்பிப் பார்க்காமல் போய்விடப் போகிறாள். தபால் பெட்டியிலும் அந்தப் பெயரை ஒட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்த கடிதம் திரும்பிவிடும்.

அவளுக்கு எளிதாக வரக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனில் 'டூ', 'ஸீ' என்று இரண்டு வகையாக அழைப்பார்கள். நம்முடைய 'நீ', 'நீங்கள்' போலத்தான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்கள் அங்கே திணறுவார்கள், அவள் திணற மாட்டாள்.

உங்கள் அண்ணன் கடனை நினைத்துக் கவலைப்படுவது நியாயமே. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகும் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள்தான் வேலை பார்க்கலாம். கடையிலோ உணவகத்திலோ வேலை கேட்டுப் போனாலும் ஜெர்மன் தெரியுமா என்றுதான் முதலில் கேட்பார்கள். படிப்பு முடிந்த பிறகு வேலை தேட 18 மாதங்கள் வரை அங்கே தங்க அனுமதி உண்டு. அப்போதுதான் மொழியைத் தொடங்கினால் அந்த மாதங்களில் பாதி அதிலேயே கரைந்துவிடும். கடனை அடைக்கப்போவது அந்த வேலைதான் என்று அண்ணனிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. முதல் செமஸ்டரில் ஒரு மொழி வகுப்புக்கு மேல் வேண்டாம். அதற்குக் கிடைக்கும் கிரெடிட், அதாவது படிப்புக்கான மதிப்புப் புள்ளி, அவளுடைய பட்டத்தில் சேருமா என்பதையும் துறை அலுவலகத்தில் முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளட்டும். சில படிப்புகளில் சேரும், சிலவற்றில் சேராது. சேராவிட்டாலும் படிக்கட்டும் என்பதுதான் என் கருத்து.

அக்டோபர் வரை அவள் காத்திருக்கவும் வேண்டாம். ஜெர்மன் மொழித் தேர்ச்சிக்கு ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். முதல் படியை இங்கேயே தொடங்கிவிடலாம், தேர்வு எழுத சென்னையில் ஜெர்மன் மொழி, பண்பாட்டு நிலையமான மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பொருள்களுக்குக்கூட ஆண்பால், பெண்பால் உண்டு அந்த மொழியில். 'சிறுமி' என்ற சொல்லோ இரண்டிலும் சேராமல் மூன்றாவதான ஒரு பாலில் வரும். அது ஏன் என்று உங்களுக்கு அவள் விளக்கட்டும்.