‘அழகான கேஸ்’ – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

அப்பாவுக்கு ரொம்ப நாளாக மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்று அறுத்து எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை என்றதும் எங்களுக்கு உயிர் வந்தது. போன வாரம் மருத்துவம் படிக்கும் சித்தி மகன் போனில் ஒரு பதிவைக் காட்டினான். மைக்ரோஸ்கோப் படங்கள் நான்கு. ‘ஆண், 50களில், மூக்கில் கட்டி, தென்னிந்தியா. என்ன நோய்?’ என்று ஒரு டாக்டர் கேட்டிருக்கிறார். கீழே எந்தெந்த நாட்டிலிருந்தோ பதில்கள். ஒருவர் ‘அழகான கேஸ்’ என்று எழுதி இதயம் போட்டிருக்கிறார். அது அப்பாவுடைய படம்தானா என்று தெரியாது. ஆனால் அன்று இரவு நான் தூங்கவில்லை. எங்கள் வீட்டுக் கஷ்டம் இவர்களுக்கு விடுகதையா? இல்லை, தெரியாமல்தான் ஊர் உலகத்திடம் கேட்கிறார்களா? அப்படியென்றால் அப்பாவின் ரிப்போர்ட்டை எப்படி நம்புவது? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பெயரைப் போடவில்லை. கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த ஊர், அப்பாவின் தொழில், ஆபரேஷன் நடந்த மாதம் மூன்றையும்கூட எடுத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்த ‘அழகு’ என்ற சொல் எனக்கும் ஒருமுறை கோபத்தைக் கிளப்பியிருக்கிறது. நாகர்கோவிலில் எனக்கு ஒரு பேத்தாலஜிஸ்ட் நண்பர் உண்டு, அறுத்தெடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்கிற டாக்டர். அவர் அறையில் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே ஸ்லைடைப் பார்க்கிற மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஒரு நாள் சும்மா பேசப் போனவனை, “வே, இங்க வந்து பாரும், எவ்வளவு அழகா இருக்கு” என்று இழுத்து உட்காரவைத்தார். நான் பார்த்ததும் உங்கள் அப்பாவுக்கு வந்த அதே நோயைத்தான். இளஞ்சிவப்புச் சதைக்குள் பெரிய பெரிய வட்டப் பைகள். ஒவ்வொன்றுக்கும் கெட்டியான தோல். உள்ளே பொடிப்பொடியாக நூற்றுக்கணக்கான வித்துகள். அயினிச் சக்கை என்கிற காட்டுப் பலாவைக் குறுக்கே வெட்டி வைத்தது போல இருந்தது. ஒரு பை வெடித்து வித்துகள் வெளியே சிதறுகிற நேரத்தில் அப்படியே உறைந்துபோயிருந்தது.

“யாரோ ஒருத்தர் மூக்குல ரத்தம் ஒழுகிச் சாவுறாரு, உமக்கு அழகா?” என்று கேட்டேன்.

“நோயை யாரு அழகுன்னா? சந்தேகமே இல்லாம இருக்கு பாரும், அதைத்தான் சொன்னேன். சந்தேகமா வந்தாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் போவும்.”

அவர்கள் பாஷையில் அழகான கேஸ் என்றால் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது, பிழைக்கு இடமில்லை என்று அர்த்தம். ஆகவே அந்தப் படம் அப்பாவுடையதாகவே இருந்தாலும், எங்கோ இருக்கிற ஒரு டாக்டர் அந்த ரிப்போர்ட்டுக்கு இரண்டாம் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த இதயக்குறி தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் இந்தக் காலத்தில் இரங்கல் செய்திக்குக் கீழேயே கட்டைவிரல் போடுகிறார்கள்.

அடுத்தது, தெரியாமல் கேட்கிறார்களா என்பது. ‘என்ன நோய்?’ என்று போடுபவர் பெரும்பாலும் விடை தெரிந்தவர். வகுப்பில் வாத்தியார் கேட்கிற மாதிரியான கேள்வி அது. ரிப்போர்ட் கொடுத்து முடித்த பழைய கேஸைத்தான் எடுத்துப் போடுவார்கள். ட்விட்டரில் ஒரு பதிவுக்கு நான்கு படம் என்ற கணக்கு இருந்ததால் தூரப் பார்வை, கிட்டப் பார்வை, இன்னும் கிட்டே, ஒரு சிறப்புச் சாயம் என்று நான்காகப் போடும் பழக்கம் வந்தது. ‘பாத்ட்விட்டர்’ என்ற குறிச்சொல்லைத் தேடினால் உலகம் முழுக்க இந்த வகுப்பு நடப்பதைப் பார்க்கலாம்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனி இடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இந்த நோயைத் தருகிற ரைனோஸ்போரிடியம் என்ற கிருமி முதலில் விவரிக்கப்பட்டது 1900இல், அர்ஜென்டினாவில். விவரித்தவர் சீபர் என்பவர். ஆனால் நோய் அதிகம் காணப்படுவது இந்தியாவிலும் இலங்கையிலும். குளத்தில் முங்கிக் குளிப்பவர்களுக்கும் ஆற்றில் மணல் அள்ளுபவர்களுக்கும் வருகிற நோய் என்று அறியப்பட்டது. நம் மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? இந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க முடிந்ததில்லை. ரொம்ப காலம் காளான் வகை என்றே நினைத்திருந்தார்கள், 1999 வாக்கில்தான் அது காளானே இல்லை, வேறு இனம் என்று மரபணுவை வைத்துச் சொன்னார்கள். வளர்க்க முடியாததால், கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அமெரிக்காவில் பயிற்சி பெறும் ஒருவர் இதை வாழ்நாளில் நேரில் பார்க்காமலே போகலாம். அரிசோனா பக்கம் பாலைவன மண்ணிலிருந்து வருகிற காக்சிடியோய்டோமைகோசிஸ் என்ற நோயிலும் இதே போல வித்து நிறைந்த பைகள் உண்டு, ஆனால் சிறியவை. அங்கே படித்தவருக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். நண்பர் எனக்குக் காட்டிய ஒரு பழைய பதிவில் அப்படித்தான் ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த நிமிடமே கொழும்பிலிருந்து ஒருவர், “பையின் அளவைப் பாருங்கள், அப்புறம் நோயாளி எங்கே குளிக்கிறார் என்று கேளுங்கள்” என்று பதில் போட்டிருந்தார். நண்பர் அதை என்னிடம் வாசித்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். மேற்கே எழுதிய புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இவர்கள். நம் குளத்தைப் பற்றி நாம்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

என் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. பல வருடம் முன்பு என் அப்பாவின் கழுத்துக் கட்டி என்ன வகை என்பதில் இங்கே சந்தேகம் வந்தது. மெழுகில் புதைத்த சதைத் துண்டை ‘பிளாக்’ என்பார்கள். அதைத்தான் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவி, சாயமேற்றி ஸ்லைடாக்குகிறார்கள். அந்த பிளாக்கையும் இரண்டு ஸ்லைடுகளையும் துவர்த்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, திருவனந்தபுரம் பஸ்ஸில் ஜன்னல் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். வெயிலில் மெழுகு உருகிவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். களியக்காவிளையில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியபோது எனக்கு உயிரே போனது. இன்னொரு ஜோடிக் கண் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தப் பயணம்.

ஆனால் போனில் வரும் படம் பிளாக்குக்குச் சமம் இல்லை. படம் எடுப்பவர் தனக்குப் பட்ட இடத்தைத்தான் எடுப்பார். நோய் ஸ்லைடின் மறு ஓரத்தில் ஒளிந்திருக்கலாம். அதனால் பதிவின் கீழே வருகிற கருத்தை வைத்து யாரும் ரிப்போர்ட் எழுதக் கூடாது. குடும்ப வாட்சப் குழுவில் ரிப்போர்ட்டைப் போட்டு மாமாவிடம் அர்த்தம் கேட்பதை நாமும் நிறுத்தலாம்.

சரி, உங்கள் கோபத்துக்கு நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அது படத்தில் இல்லை, படத்தின் கீழ் எழுதும் வரியில் இருக்கிறது. அந்த வட்டப் பைகளைப் பார்த்து உங்கள் அப்பாவை உங்களாலேயே அடையாளம் காண முடியாது. நம் நாட்டு மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியின் அடையாளம் தெரியும்படி அனுமதியில்லாமல் படத்தையோ விவரத்தையோ வெளியிடக் கூடாது என்கின்றன. அடையாளம் தெரியாதென்றால் அனுமதி தேவையில்லை. 2023 ஆகஸ்டில் சமூக ஊடகத்துக்கென்றே தனியாக விதிகள் சேர்த்து ஒரு புதிய அறிவிக்கை வந்தது, அதே மாதத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

பெயரை மறைத்தாலே அடையாளம் மறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊரில் போதுமா? இன்ன ஊர், 58 வயது, மணல் அள்ளுபவர், தை மாதம் ஆபரேஷன் என்று எழுதினால் டீக்கடையில் இருக்கிற நான்கு பேர் வீட்டைக் காட்டிவிடுவார்கள். உங்கள் கடிதத்தில் நான் கத்தரி வைத்தது அதனால்தான். என் நண்பர் ரிப்போர்ட் கொடுத்து மாதக் கணக்கில் காத்திருந்துதான் படம் போடுவார். வயதைப் பத்துக் கணக்கில் சொல்வார், ஊரைச் சொல்லவே மாட்டார். ஸ்லைடின் ஓரத்து லேபிள் படத்தில் விழுகிறதா என்று இரண்டு முறை பார்ப்பார். நீங்கள் பார்த்த பதிவும் ‘50களில்’, ‘தென்னிந்தியா’ என்றுதான் இருக்கிறது. அந்த டாக்டர் கவனமான ஆள் என்றுதான் தோன்றுகிறது.

இன்னும் மனம் ஆறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் பிளாக்கையும் ஸ்லைடையும் கேளுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவார்கள். வேறொருவரிடம் காட்டலாம். ஆனால் நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்காக. இந்தச் சதை திரும்ப வளரக்கூடியது. மறுபடி ரத்தம் வந்தால் தாமதிக்காமல் கூட்டிப் போங்கள். அப்பா திரும்பக் குளத்துக்குக் குளிக்கப் போக ஆரம்பித்துவிட்டாரா? அதை நீங்கள் எழுதவில்லை.