ஊர்வலம் போனால் வழக்குக் கெட்டுவிடுமா?

கேள்வி: நாங்கள் மட்டக்குளியில் இருக்கிறோம். என் அக்காவின் மகனுக்கு 22 வயது. 19 நாட்களுக்கு முன் இரவில் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வந்தவனைப் பொலிஸார் சுட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. முதலில் "நிறுத்தச் சொல்லி நிறுத்தவில்லை, துவக்குத் தவறுதலாக வெடித்தது" என்றார்கள். இப்போது "போதைப்பொருள் கடத்தியவன்" என்று பேஸ்புக்கில் எழுதுகிறார்கள். எரிக்க வேண்டாம் என்று நீதிவான் சொன்னதால் மாதம்பிட்டியில் புதைத்தோம். ஆஸ்பத்திரியில் வைத்துச் சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் அக்கா கையெழுத்து வைத்தா. என்ன எழுதியிருந்தது என்று அவவுக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்துப் பொடியன்மார் ஞாயிற்றுக்கிழமை அளுத்மாவத்தை வீதியை மறிக்கப் போகிறார்கள். பெரியவர்களோ "பேசாமல் இருங்கள், வழக்குக் கெட்டுவிடும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
வாசகி, கொழும்பு 15

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் அக்காவின் துயரத்துக்கு நான் எழுதும் எதுவும் ஈடாகாது. ஆனாலும் இதைப் படித்து முடித்த கையோடு நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாட்களை எண்ணுங்கள். 19 போய்விட்டது. அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம் வீடுகளில் சாவு விழுந்தால் "முப்பத்தோராம் நாள் கிரியை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்றுதான் சொல்வோம். கிரியை முடிந்து ஆட்கள் கலைகிற நேரமும் இந்த ஒரு மாதம் முடிகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நியாயமான வழக்குகள் பல இந்த இடத்தில்தான் கைநழுவிப் போயிருக்கின்றன.

இறந்தவருக்காக யார் மனுப் போடுவது என்று கேட்பீர்கள். உயிர் வாழும் உரிமை என்று நமது அரசியலமைப்பில் தனியாக ஒரு வரி கிடையாது. ஆனால் பயாகல பொலிஸார் கைது செய்த ஒருவர் இறந்தபின் அவருடைய மனைவி தொடுத்த வழக்கில், 2003 இல் உயர் நீதிமன்றம் 13(4) ஆவது உறுப்புரைக்குள்ளேயே அந்த உரிமை அடங்கியிருக்கிறது என்று பொருள் கொண்டது. நெருங்கிய உறவினர் மனுத் தாக்கல் செய்யலாம் என்பதையும் ஏற்றது. ஆகவே உங்கள் அக்காவே மனுதாரராக நிற்கலாம்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் உடனே முறைப்பாடு கொடுங்கள். தலைமை அலுவலகம் கொழும்பு 4, ஆர்.ஏ. த மெல் மாவத்தையில் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். அங்கே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் அதையே முழுதாக நம்பி இருந்துவிடாதீர்கள். வெறும் முறைப்பாட்டுத் துண்டு போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்ததைக் காட்டு என்று உயர் நீதிமன்றம் கேட்ட வழக்குகள் உண்டு. கையில் நாள் இருக்கும்போது நேரடியாக மனுவையும் போட்டுவிடுவதே பாதுகாப்பு. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையென்றால் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஊர்வலம் போவதால் வழக்குக் கெடாது. அமைதியாக ஒன்றுகூடுவது 14(1)(ஆ) உறுப்புரை தரும் உரிமை. வீதியில் ஆட்கள் நின்றார்கள் என்பதற்காக எந்த நீதிவானும் சாட்சியத்தைத் தூக்கி எறிய முடியாது. பெரியவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்கும் இந்த ஊரில் காரணம் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வீதியால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதைப் பொடியன்மார் விளங்கிக்கொள்ள வேண்டும். 2011 மே மாதம் கட்டுநாயக்க வர்த்தக வலயத் தொழிலாளர்கள் ஓய்வூதியச் சட்டமூலத்துக்கு எதிராகத் திரண்டபோது பொலிஸார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது, பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். மக்கள் திரளாமல் இது நடந்திருக்காது. 2022 ஏப்ரல் 19 அன்று றம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியவர்கள்மீது சுட்டதில் ஒருவர் இறந்தார். பிறகு கேகாலை நீதிவானின் உத்தரவின் பேரில் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் ஒருவர் உட்படப் பொலிஸார் கைதானார்கள். கைது, இடமாற்றம், பதவி விலகல் எல்லாம் சில நாட்களில், சில வாரங்களில் நடக்கும், அவற்றை வீதி வாங்கித் தரும். யார் சுட்டது, எங்கிருந்து, எதற்காக என்பதற்கான தீர்ப்புக்கு வருடக்கணக்காகும். அதைத் தாள்களும் தடயங்களும்தான் வாங்கித் தரும். ஆகவே ஞாயிறு வீதிக்குப் போகிறவர்கள் திங்கள் நீதிமன்றத்துக்கும் வர வேண்டும்.

றம்புக்கனையில் இன்னொன்றையும் கவனியுங்கள். எரிபொருள் பவுசருக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள், அதனால்தான் சுட்டோம் என்பது பொலிஸாரின் வாதம். அதற்குப் பிறகு நாடு முழுக்கப் பேசியது அந்தப் பவுசரைப் பற்றி. உங்கள் ஊர்வலத்தில் ஒரேயொரு கல் பறந்தால் போதும், அடுத்த நாள் செய்தியில் உங்கள் பிள்ளை இருக்கமாட்டான், அந்தக் கல்தான் இருக்கும். வீதியை மறிப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஊர்வலமாகப் போவதென்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77 ஆவது பிரிவுப்படி, தொடங்கும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆறு மணித்தியாலம் முன்னதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். இது அறிவித்தல்தான். எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106 ஆவது பிரிவின்கீழ் பொலிஸார் நீதிவானிடம் தடையுத்தரவு வாங்கி வரவும் கூடும். வந்தால் அதை வாங்கி வாசியுங்கள். பெரும்பாலும் சில வீதிகளுக்கும் சில பெயர்களுக்கும் மட்டுமே தடை இருக்கும். கோயில் முன்றலிலோ ஓரமாகவோ படத்தோடு மெழுகுதிரி ஏந்தி நிற்பதும் போராட்டம்தான்.

போராட்டத்தால் வழக்குக் கெடக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது வீதியில் இல்லை, கைத்தொலைபேசியில் இருக்கிறது. சுட்டவர் இவர்தான் என்று ஒரு பொலிஸ்காரரின் படத்தைப் போட்டு யாராவது பகிர்ந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். சந்தேகநபரை அடையாள அணிவகுப்பில் நிறுத்தி, சாட்சி வந்து காட்ட வேண்டியிருக்கும். நான் ஆஜரான ஒரு வழக்கில், கண்ணால் கண்ட ஓட்டோ சாரதி எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சரியான ஆளைக் காட்டினார். எதிர்த்தரப்பு எழும்பி ஒரு கேள்விதான் கேட்டது: "இந்த முகத்தை இதற்கு முன் போனில் பார்த்தீர்களா?" அவர் நேர்மையான மனுசன், "ஓம்" என்றார். அந்தச் சாட்சியத்தின் பெறுமதி அதோடு பாதியாகிவிட்டது. பகிர்ந்தது வேறு யாருமில்லை, செத்தவனின் கூட்டாளிகள். அன்று நீதிமன்ற வாசலில் அந்தப் பொடியன்மாரின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நீதிமன்றத்தையும் வழக்கையும் பற்றி எழுதும்போதும் நிதானம் வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்கும் நிகழ்நிலைப் பாதுகாப்புக்கும் 2024 இல் புதிய சட்டங்கள் வந்திருக்கின்றன.

அக்கா கையெழுத்து வைத்த தாளை நினைத்து உடைந்துபோக வேண்டாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் வாக்குமூலம் கொடுக்க அவவுக்கு உரிமை இருந்தது, அதைப் பறித்தது அவவின் பிழையல்ல. நடந்ததை நடந்தபடி, எத்தனை மணிக்கு யார் என்ன சொன்னார்கள் என்று தமிழில் எழுதி, சத்தியக்கடதாசியாக முடித்துவிடுங்கள். வாசித்துக் காட்டப்படாத, விளங்காத மொழியில் இருந்த தாளில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதையும் அதிலேயே சொல்லுங்கள். பிறகு மேலதிக வாக்குமூலம் கொடுக்கவும் கேட்கலாம். இனி யார் தாள் நீட்டினாலும் வாசித்துக் காட்டாமல் பேனை தொடக்கூடாது.

எரிக்க விடாதது அக்காவின் மனதை எவ்வளவு அறுத்திருக்கும் என்று தெரியும். ஆனால் அந்த உத்தரவு உங்கள் பக்கத்துக்குத்தான் உதவும். முதற் பிரேத பரிசோதனையில் சந்தேகம் வந்தால் உடலைத் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க வழி இருக்கிறது. எரித்திருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். 2016 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்தபோது முதலில் மோட்டார் சைக்கிள் விபத்து என்றுதான் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் வெடிகாயம் தெரிந்தபிறகு கதை மாறியது, ஐந்து பொலிஸார் கைதானார்கள். குண்டு எந்தப் பக்கத்தால் போனது என்பது ஆயிரம் கோஷத்தைவிட உரத்துப் பேசும். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த பிள்ளை என்கிறீர்கள். முதுகில் காயமா நெஞ்சிலா, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டது என்று சட்டவைத்திய அதிகாரியின் அறிக்கை சொல்லும். நீதிமன்றத்தில் சட்டத்தரணி மூலம் ஆஜராகி அந்த அறிக்கைக்கும், விசாரணை பற்றிப் பொலிஸார் நீதிவானிடம் தாக்கல் செய்த 'பி' அறிக்கைக்கும் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். அதே பொலிஸ் நிலையமே தன்னை விசாரிக்காமல் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்திடம் ஒப்படைக்கும்படியும் கேளுங்கள். பொலிஸ் மா அதிபருக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போகட்டும்.

வீட்டில் அவனுடைய உடுப்பு ஏதாவது இருக்கிறதா? சில வேளை ஆஸ்பத்திரியில் சேட்டையும் செருப்பையும் சொப்பிங் பேக்கில் போட்டு வீட்டாரிடமே கொடுத்துவிடுவார்கள். தாய் மனம், இரத்தக்கறையோடு எப்படி வைத்திருப்பது என்று கழுவப் பார்க்கும். கழுவ வேண்டாம். பொலித்தீனுக்குள் விட்டால் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துத் தடயம் அழியும். நிழலில் உலர்த்தி, சுத்தமான கடதாசிப் பையில் போட்டு, திகதி எழுதி ஒட்டுங்கள். ஓட்டையைச் சுற்றி உள்ள கருமை தூரத்தைச் சொல்லக்கூடும். அதைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றத்திலேயே கையளியுங்கள். வழியில் உள்ள கடைகளின் சிசிடிவி பதிவுகள் தானாகவே அழிந்து அதன்மேல் புதியது பதிவாகும். 19 நாளில் பலது போயிருக்கும், என்றாலும் இன்றைக்கே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குங்கள். ஒருவராவது போனில் எடுத்து வைத்திருப்பார். மோட்டார் சைக்கிளை ஓட்டி வந்த கூட்டாளிதான் உங்கள் முதற் சாட்சி. அவனுக்கு மிரட்டல் வந்தால், 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புக்கான தேசிய அதிகாரசபையிடம் பாதுகாப்புக் கேட்கலாம். சாட்சியை மிரட்டுவது அந்தச் சட்டத்தில் தனிக் குற்றம்.

"கடத்தல்காரன்தானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது, ஆனால் பதில் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். "எங்கள் பிள்ளை தங்கமான பிள்ளை" என்று நிரூபிக்க ஓடாதீர்கள். ஓடினால், தங்கமில்லாத பிள்ளையைச் சுடலாம் என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும். 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கொலைச் சம்பவத்தில் கைதான இருவர் பொலிஸ் பொறுப்பில் இருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுதத்தைப் பறிக்கப் பார்த்தார்கள் என்றனர் பொலிஸார். "நல்லதுதான், சனியன் ஒழிந்தது" என்று நம் ஆட்களே பேசியதைக் கேட்டேன். பாதாள உலகத்தால் இந்தக் கொழும்பு வடக்கு பட்ட பாடு எனக்கும் தெரியும், அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் தகுதிவாய்ந்த நீதிமன்றத்தின் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனை இல்லை என்கிறது 13(4). தூக்குத் தண்டனை தீர்க்கப்பட்டவர்களைக்கூட 1976 க்குப் பிறகு இந்த நாடு தூக்கிலிடவில்லை. அப்படியிருக்க, நிறுத்தச் சொல்லி நிறுத்தவில்லை என்பதற்கு நடுவீதியில் மரணமா? உயிருக்கோ பெருங்காயத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தாலொழிய துப்பாக்கி தூக்கக்கூடாது என்பது 1990 இல் ஐக்கிய நாடுகள் வகுத்த அடிப்படைக் கோட்பாடு. அன்று அந்த மோட்டார் சைக்கிளால் யார் உயிருக்கு ஆபத்து? பேஸ்புக்கில் இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்.

யாராவது காசோடு வந்து சமாதானம் பேசினால் கதவடியிலேயே அனுப்பிவிடுங்கள். கொலையைச் சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வாங்கிய காசு உங்களுக்கு எதிராகவே பேசும்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு முன் புதுக்கடைக்கு வாருங்கள். மரணச் சான்றிதழ் கிடைத்திருந்தால் அது, அக்காவின் அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆஸ்பத்திரித் துண்டுகள், பொலிஸில் தந்த முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து வாருங்கள். கூட்டாளியை ஞாயிறு ஊர்வலத்தில் முன்னுக்கு நிறுத்தாமல் திங்கள் உங்களோடு கூட்டி வாருங்கள்.