ஒருவழி டாக்சியில் பெங்களூருக்கு

கேள்வி: வயதான அப்பா, அம்மாவுடன் சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஒருவழி டாக்சியில் போகிறோம். 3 பெரிய பெட்டிகள் உண்டு. வண்டி பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சுமார் 350 கி.மீ.; 6 முதல் 7 மணி நேரம். கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். டோல், டிரைவர் பேட்டா, பெர்மிட் (வெளிமாநிலத்தில் வண்டி ஓடுவதற்கான அனுமதி) எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். தகராறு வருவது பெரும்பாலும் பெர்மிட்டில்தான். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் இல்லாத வண்டியென்றால் கர்நாடக வரி தனி; பேசி வைக்காவிட்டால் அது உங்கள் தலையில் விழும். வெள்ளை நம்பர் பிளேட் வண்டி வேண்டவே வேண்டாம், அது வாடகைக்கு ஓடக்கூடாது.

செடான் வண்டியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்தால் டிக்கியில் பெருமளவு இடம் போய்விடும். 3 பெட்டி அடங்காது. முன்பே கேளுங்கள். எர்டிகா மாதிரி 7 சீட் வண்டி என்றால் கடைசி சீட்டை மடக்கிவிடலாம்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் சிக்க மாட்டீர்கள். பெரியவர்களுக்காக வேலூர், கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் நிறுத்தச் சொல்லுங்கள்.