கிணத்து மேட்டுல நிக்கிறது சீனா மூலிகையா, பார்த்தீனியமா?

கேள்வி: வணக்கம் சார். கிருஷ்ணகிரி பக்கம் மூணு ஏக்கர் கிணத்துப் பாசனம், தக்காளியும் ராகியும் போடுறேன். சீனாவுல மலேரியாவுக்கு மருந்து எடுக்கிற செடி, நோபல் பரிசெல்லாம் வாங்கிக் கொடுத்த செடின்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சு. அதே மாதிரி செடி எங்க கிணத்து மேட்டுல இடுப்பு உயரத்துக்கு நிக்குது, வெள்ளையா பொடிப்பொடியா பூ. சித்தப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், அதைக் கொதிக்க வச்சுக் குடிக்கிறேன்ங்கிறார். ஒரு புரோக்கர் வேற, சீனா விதை தர்றேன், அரை ஏக்கர் போடு, நானே வாங்கிக்கிறேன்ங்கிறார். நாலு செடி புடுங்கினதுல இருந்து கை அரிக்குது. போட்டோ அனுப்பியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க.

பதில்: தம்பி, இதைப் படிச்ச உடனே சித்தப்பாவுக்கு போன் போட்டு அதைக் குடிக்க வேண்டாம்னு சொல்லிருங்க, மீதியை அப்புறம் படிக்கலாம். போட்டோவுல இருக்கிறது பார்த்தீனியம்ங்கிற களைச்செடி, வெள்ளைப் பூவைப் பார்த்தாலே தெரியுது, சந்தேகமே இல்ல. ரெண்டு நாள் காய்ச்சல்னா பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தப் பரிசோதனை எடுங்க, மலேரியாவா இருந்தா மாத்திரை அங்கேயே இலவசமா கொடுப்பாங்க. உங்க கை அரிப்புக்கும் அந்தச் செடிதான் காரணம், அதுல இருக்கிற பார்த்தினின்ங்கிற பொருள் தோலுக்கு ஆகாது, சில பேருக்கு வருஷக்கணக்குல விடாத அலர்ஜியாவே நின்னுடும். சோப்பு போட்டு நல்லா கழுவுங்க, தடிப்பு பரவுச்சுன்னா தோல் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நீங்க ஏமாந்தது தப்பில்ல தம்பி, ரெண்டும் ஒரே குடும்பம், சின்னதா இருக்கும்போது ரெண்டுக்கும் இலை கேரட் தழை மாதிரி வெட்டு வெட்டா இருக்கும், பூ வராத செடியோட போட்டோவை மட்டும் பார்த்தா யாருக்கும் குழப்பம் வரும். வீடியோவுல வந்த செடிக்குப் பேர் ஆர்ட்டிமீசியா ஆனுவா, சீனாவுல மருந்துப் பேர் சிங்ஹாவ். நம்ம மரிக்கொழுந்து இருக்கே, அதுக்குப் பங்காளி. அதனால முதல் சோதனை மூக்குதான். நான் ஒரு தடவை வடக்க உத்தரப்பிரதேசத்துல ஒரு வயல்ல நின்னு ஒரே ஒரு இலையைக் கிள்ளி ரெண்டு விரலுக்கு நடுவுல கசக்கினேன், கற்பூரமும் கொஞ்சம் இனிப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை, சாயங்காலம் சாப்பிட உட்காரும்போதும் விரல்ல இருந்துச்சு. பார்த்தீனியத்துல அந்த வாசனை வராது, அதுக்காக அதைக் கசக்கிப் பார்க்காதீங்க, பூவைப் பார்த்தாலே போதும். பார்த்தீனியம் பூ வெள்ளை, கிட்ட போய்ப் பார்த்தா அஞ்சு மூலை வச்ச மாதிரி இருக்கும். சிங்ஹாவ் பூ மஞ்சப்பச்சையா கடுகு சைஸ்ல உருண்டையா தலை கவுந்து தொங்கும், வெள்ளையே கிடையாது. பார்த்தீனியம் இலையிலயும் தண்டுலயும் பூனை முடி மாதிரி சொரசொரன்னு இருக்கும், சிங்ஹாவ் அநேகமா வழவழன்னு இருக்கும், முத்தினா தண்டு செம்பழுப்பா மாறும், ஆள் உயரத்தைத் தாண்டியும் போகும்.

இந்தக் குழப்பம் சீனாக்காரங்களுக்கே இருந்துச்சுங்கிறதை இங்க சொல்லணும். சிங்ஹாவ்ங்கிற ஒரே பேர்ல அங்க ஒண்ணுக்கு மேல செடி புழங்குச்சு. 1967 மே 23ல ஆரம்பிச்சதால 523ன்னு பேர் வச்ச மலேரியா மருந்துத் திட்டத்துல 1969ல சேர்ந்த சீன விஞ்ஞானிதான் டூ யூயூ அம்மா. பழைய வைத்திய நூல்களைத் தேடிட்டே வந்தப்ப, நாலாம் நூற்றாண்டுல வாழ்ந்த கே ஹோங்ங்கிற வைத்தியர் எழுதினது கண்ணுல பட்டுச்சு, ஒரு கைப்பிடி சிங்ஹாவை தண்ணியில ஊறப்போட்டு, பிழிஞ்சு சாறைக் குடின்னு இருந்துச்சு. ஊறப்போட்டுப் பிழியச் சொல்றாரு, கொதிக்க வைக்கச் சொல்லல, அப்போ சூடுல மருந்து கெடுதோன்னு அவங்களுக்கு ஒரு பொறி தட்டி, குறைஞ்ச சூட்டுலயே ஆவியாகிற ஈதரை வச்சு சாரம் எடுத்தாங்க, 1971 அக்டோபர்ல 191ஆம் நம்பர் சாம்பிள் எலி மலேரியாவுல நூத்துக்கு நூறு வேலை செஞ்சுச்சு. அந்த மருந்துப் பொருள்தான் ஆர்ட்டிமிசினின், அதுக்குத்தான் 2015ல நோபல் பரிசு. அதே பேர்ல வித்த வேற செடிகள்ல அந்தப் பொருளே கிடையாது, இந்த ஆனுவாவுலதான் இருக்குன்னு பிரிச்சுக் காட்டினதும் அவங்க வேலையோட ஒரு பகுதி. செடியை அடையாளம் காண்றதுதான் மொத்த மருந்துக்கும் அடிப்படை, அதனாலதான் நான் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

சரி, நிஜமான சிங்ஹாவே கையில கிடைச்சாலும் வீட்டுல கஷாயம் போட்டு மலேரியாவுக்குக் குடிக்கலாமான்னா கூடாது. ஆர்ட்டிமிசினின் தண்ணியில சரியா கரையாது, செடிக்குச் செடி அளவு மாறும், குறைஞ்ச அளவு உள்ள போனா கிருமி சாகாம மருந்துக்குப் பழகிக்கும், அப்புறம் ஊருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனமும் இலையை டீயா குடிக்கிறதை ஆதரிக்கல. ஆஸ்பத்திரியில பால்சிபாரம் வகை மலேரியாவுக்குக் கொடுக்கிறது ஆர்ட்டிமிசினின் வகையோட இன்னொரு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை, அளவு பார்த்துக் கொடுப்பாங்க.

இப்ப புரோக்கர் விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கவலையே இதுலதான். இந்தச் செடி பகல் நேரம் குறைஞ்சா பூ வச்சுடும், பகல் சுமார் பதிமூணரை மணி நேரத்துக்குக் கீழ இருந்தா பூக்கிற வேலையில இறங்கிடும். லக்னோ பக்கம் கோடையில பகல் அதைத் தாண்டுது, அதனால செடி நல்லா வளர்ந்து தழை கட்டும், அங்க இருக்கிற மத்திய மருத்துவ நறுமணப் பயிர் நிறுவனம், சிமாப்ங்கிறாங்க, ஜீவன் ரக்ஷா, சிம் ஆரோக்யான்னு ரகமே விட்டிருக்கு. நம்ம ஊர்ல வருஷத்துல ரொம்ப நீளமான பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. எந்த மாசம் நட்டாலும் முழங்கால் உயரத்துலயே மொட்டு வச்சுட வாய்ப்பு அதிகம், பூத்துட்டா தழை நின்னுடும், மருந்தும் இறங்கிடும். தழைதான் இங்க மகசூல், அதுவே வரலைன்னா என்னத்த எடை போடுறது?

இன்னொண்ணு, விதை தூசி மாதிரி இருக்கும், ஒரு கிராம்ல பத்தாயிரத்துக்கு மேல. பாக்கெட்டுல இருக்கிறது ஆர்ட்டிமீசியாவா வேற ஏதாவது களையான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. வாங்குறவங்க சாரம் எடுக்கிற கம்பெனிங்கதான், அவங்க நிழல்ல காயவச்ச இலையில ஆர்ட்டிமிசினின் எத்தனை சதவீதம்னு லேப்ல பார்த்துத்தான் காசு கொடுப்பாங்க, நல்ல ரகத்துலயே ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சீனாவுல சோங்கிங் பக்கம் யூயாங்ங்கிற மலைப்பகுதி இந்தப் பயிருக்குப் பேர் போனது, அந்த மாதிரி இடத்து விவசாயிகளே 2005 வாக்குல விலை எகிறினதைப் பார்த்து எல்லாரும் போட்டு, அடுத்த ரெண்டு வருஷத்துல விலை சரிஞ்சு நொந்து போனாங்க. அதனால வாய் வார்த்தையை நம்பி அரை ஏக்கர் தக்காளி நிலத்தை விட்டுடாதீங்க. கம்பெனி பேர்ல எழுத்துல ஒப்பந்தம் காட்டச் சொல்லுங்க, எந்த ரகம், என்ன விலை, லேப் சோதனை யார் செலவுன்னு அதுல இருக்கணும். அதையெல்லாம் காட்டினாலும் முதல் வருஷம் ரெண்டு பாத்தி மட்டும் போட்டுப் பாருங்க, ரெண்டு மாசத்துலயே மொட்டு வச்சா விட்டுடுங்க.

கிணத்து மேட்டுப் பார்த்தீனியத்தை சும்மா விடக்கூடாது, ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல விதை கொட்டும். மழை பேஞ்சு மண்ணு ஈரமா இருக்கும்போது முழுக்கை சட்டை, கையுறை, மூக்குக்குத் துண்டு கட்டிக்கிட்டு வேரோட புடுங்குங்க, கை அரிக்கிறதால இந்தத் தடவை நீங்க இறங்க வேண்டாம், வேற ஆளை விடுங்க. பூக்காத செடியை குழியில போட்டு மக்க வைக்கலாம், பூத்ததை எருக்குழியில போடவே கூடாது. பயிர் இல்லாத வரப்போரம், ரோட்டோரம்னா லிட்டருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து வெயில்ல செடி நனைய அடிக்கலாம், ஆனா தக்காளி வயலுக்குள்ள அடிச்சா மண்ணு உப்பாயிடும், கிணத்து வாய்க்கும் ரொம்ப கிட்ட வேண்டாம். மாடு மேய விடாதீங்க, பால் கசக்கும்.

சித்தப்பா ரத்தப் பரிசோதனையில என்ன வந்துச்சுன்னும், உங்க கை எப்படி இருக்குன்னும் ரெண்டு வரி எழுதுங்க தம்பி. புரோக்கர் ஏதாவது பேப்பர் காட்டினா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதையும் போட்டோ எடுத்து அனுப்புங்க.